எத்தனை பிரதிகள்

மெய்ன் கரையில் பிப்ரவரி, இரண்டாம் சனி.
குவேக்கர் கூட்ட இல்லத்தின் பின்னறையில் ஐந்து பேர்.
ஆறாவது நாற்காலியில் தபால்தலைப் பெட்டி.
நிகழ்ச்சி நிரலில் ஒரே வரி:
வசந்தத்தில் கடலிலிருந்து ஏறிவரும் அலைவைஃப் மீன்களுக்காக
ஒரு துண்டறிக்கை. எத்தனை பிரதிகள், யாருக்கு.

அந்த ஒரு வரிக்கு முன்னால்
பத்து நிமிட மௌனம். எங்கள் வழக்கம்.
குழாய்க்குள் வெந்நீர் முனகுகிறது,
ஓரின் பிக்ஃபோர்டின் வயிறும்.

தீர்ஸா எழுத்தர். இங்கே கைதூக்கி எண்ணுவது கிடையாது.
எல்லோர் மனமும் ஒரு பக்கம் சாயக் காத்திருந்து
சாய்ந்ததை எழுதுவாள்.
சாயாவிட்டால், சாயவில்லை என்று எழுதுவாள்.
நான் பக்கம் வடிவமைப்பவன்.
எழுத்தின் அளவு மட்டுமே என் பொறுப்பு
என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் உண்டு.

"மூவாயிரம்" என்றார் ஓரின்.
"ஸ்பர்லிங் ஆற்றோரம் ஒரு கதவு விடாமல்."
மூவாயிரம் தாளுக்கு எத்தனை மரம் என்று
லூசிண்டா கேட்கவில்லை.
பென்சிலை மேசைமேல் வைத்தாள்.
இருபது வருஷமாக அந்தப் பென்சில் பேசுவதை
நாங்கள் கேட்டு வருகிறோம்.

பழைய மிச்சம் இருக்கிறதா பார்க்க
நிலவறைக்கு இறங்கினேன்.
பதினொரு பெட்டி. எல்லாம் என் கைவேலை.
'நம் நதியைக் காக்க வாருங்கள்'
தடித்த எழுத்து, நீல மை,
பின்பக்கம் வெள்ளை.

பெட்டிகளுக்குப் பின்னால் எண்ணெய்த் தொட்டி.
எங்கள் வெந்நீர் அங்கிருந்துதான் முனகத் தொடங்குகிறது.
இத்தனை நாள் அது கண்ணில் பட்டதுண்டு,
கருத்தில் பட்டதில்லை.
அதன் காலடியில் ஒரு கருவட்டம்.
விரல் வைத்தேன். வழுக்கியது.
மண் தரை.
தரை சரிவு.
சரிவு போய் நிற்கும் இடம் ஆறு.

மேலே வந்தேன். வார்த்தை வரவில்லை.
விரல் பதிந்த ஒரு தாளை
லூசிண்டாவின் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதல் மௌனம் நாங்கள் உட்கார்ந்தது.
இரண்டாவது எங்கள்மேல் வந்து உட்கார்ந்தது.
ஊருக்குத்தானே உபதேசம் என்று
யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருக்கலாம்.

தேஸ்மண்ட் வெலெட் பேசினார். நண்டுப்பொறி போடுகிறவர்,
கூட்டத்தில் போன தடவை வாய்திறந்தது இலையுதிர்காலத்தில்.
"அந்த மீன் வாசனை பிடித்துத்தான்
பிறந்த ஓடைக்குத் திரும்பும்" என்றார்.
"நாம்தான் அதற்கு முதலில் எழுதிவிட்டோம்."

தீர்ஸா எழுதி, வாசித்தாள்:
எங்கள் தொட்டி கசிகிறது.
எத்தனை நாளாக என்று தெரியாது.
திங்களன்று மாநிலத்துக்குத் தெரிவிப்போம்.

"திங்களா?" என்று எழுந்தவர் ஓரின்,
மூவாயிரம் கேட்ட அதே ஓரின்.
சுவர் தொலைபேசியை எடுத்து அவசர எண்ணைச் சுழற்றி
ஆற்றின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்,
பிறகு இல்லத்தின் பெயரை,
பிறகு, குரல் கொஞ்சம் இறங்க, தன் பெயரை.

துண்டறிக்கை அந்த முதல் இரண்டு வாக்கியங்களில் தொடங்கும்.
நன்கொடை கேட்கும் பத்தியை லூசிண்டா அடித்தாள்.
அடித்ததற்கு நான் மறுப்புச் சொன்னேன்,
தொட்டி மாற்றக் காசு வேண்டாமா என்று.
அது சாயவில்லை. அப்படியே குறிப்பில் இருக்கிறது.

ஆற்றின் போக்கில் நமக்குக் கீழே முப்பத்திரண்டு வீடு.
முப்பத்திரண்டு பிரதி.
பழைய தாளின் வெள்ளைப் பக்கத்தில்,
தடிப்பில்லாத எழுத்தில்.
நீலத்தைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.
தபால் வேண்டாம். கையில் கொடுப்பது.
திட்டினால் நின்று கேட்பது.
கிணறு வைத்திருக்கும் வீடுகள் முதலில்,
இன்றைக்கே, தாளுக்குக் காத்திராமல்.

தேஸ்மண்ட் வண்டியிலிருந்து
பூனைமணல் மூட்டை இறக்கினார்.
ஐந்து பேரும் மண்டியிட்டுக் கொட்டினோம்,
மணல் கறுக்கக் கறுக்க மறுபடி கொட்டினோம்.

கூட்டம் முடிந்தால் கைகுலுக்குவது எங்கள் முறை.
எல்லோர் கையிலும் எண்ணெய்.
தீர்ஸா கையை நீட்டினாள்.